பட்டாதாருக்கு நட்டஈடு, பாடுபட்டவருக்கு?

2017 கோடையில் எங்கள் வட்டாரத்தில் ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் பந்தல் ஒன்று போட்டிருந்தார்கள். பிப்ரவரியில் நெடுவாசலில் பற்றிய நெருப்பு டெல்டா முழுக்கப் பரவியிருந்த நேரம். எங்கள் தெருவிலிருந்து நாற்பது ஐம்பது பேர் போயிருந்தோம், பெரும்பாலும் பெண்கள். முன்வரிசையில் எங்களைத்தான் உட்கார வைத்தார்கள். வெயிலும் அங்கேதான் விழுந்தது. போட்டோ பிடிக்க வந்தவர்கள் எங்கள் பெண்கள் கையில் ஆளுக்கொரு நெற்கதிரைக் கொடுத்துத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். மேடையேறியவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் 'விவசாயிகளாகிய நாம்' என்று ஆரம்பித்தார்கள்.

என் அம்மா பக்கத்தில் இருந்த சின்னம்மாவைக் கேட்டது: "ஏண்டி, இவங்க நம்மளயுஞ் சேத்துச் சொல்றாங்களா, இல்ல அவங்கள மட்டும் சொல்லிக்கிறாங்களா?"

"கதிர நம்ம கையிலதான குடுத்துருக்காங்க. அப்ப நம்மளயுந்தான்."

"அறுக்கற வரைக்கும் கதிரு நம்ம கையிலதான் இருக்கும். களத்துக்குப் போனப்பறம் யாரு கையில இருக்கும்?"

மேடையில் யாருக்கும் இது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. இத்தனை வருசமாக அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு திரிகிறேன். இயக்கத் தோழர்கள் முன்னாலும் மாணவர்கள் முன்னாலும் அதை இறக்கி வைக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெய்க் கம்பெனிக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. இந்த மண்ணில் இனி ஒரு புதுக் கிணறு தோண்டக் கூடாது என்பதுதான் என் கட்சி. ஆனால் 'காவிரித்தாய்', 'சோழநாடு சோறுடைத்து' என்று பாடிக்கொண்டு அந்தச் சோற்றை விளைவித்தவனை மறைத்துவிட்டு நடத்துகிற எதிர்ப்பில் எனக்குச் சம்மதம் இல்லை. ரெண்டையும் ஒரே மூச்சில் சொல்லவேண்டிய இடத்தில் நாம் இருக்கிறோம்.

*

எங்க ஊர்க் கதையிலிருந்து தொடங்குகிறேன். ஊர்ப் பேர் வேண்டாம். டெல்டாவில் இதுபோல நூறு ஊர் இருக்கிறது.

2003 வாக்கில் எங்கள் தெருவுக்குத் தெற்கே அஞ்சு ஏக்கர் நஞ்சையை எண்ணெய்க் கிணறு போடுவதற்காகக் குத்தகைக்கு எடுத்தார்கள். லாரி லாரியாகக் கிராவல் கொண்டுவந்து கொட்டி வயலை மேடாக்கினார்கள். கோபுரம் மாதிரி ஒரு எந்திரத்தை நிறுத்தி ராத்திரி பகலாகத் துளைத்தார்கள். ரெண்டாயிரம், மூவாயிரம் மீட்டர் ஆழம் என்று சொன்னார்கள். துளைக்கிறபோது உள்ளே செலுத்துகிற ரசாயனச் சேறும் வெளியே வருகிற கல்லும் மண்ணும் பிளாஸ்டிக் விரித்த பள்ளத்தில் கிடந்தன. மழை பெய்தால் பள்ளம் நிரம்பும். நிரம்பினால் எங்கே போகும்? பள்ளத்துக்குத்தான் போகும். எந்த ஊரிலும் சேரி பள்ளத்தில்தானே இருக்கிறது!

நிலத்துக்காரர் பெரிய மிராசு இல்லை, நடுத்தரம்தான். அவருக்கு வருசா வருசம் குத்தகைப் பணம் வங்கிக்கு வந்தது. விதை, உரம், தண்ணி, ஆள் என்கிற எந்தக் கவலையும் இல்லாத வருமானம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. சட்டப்படி வந்த காசு.

அந்த நிலத்தில் தலைமுறையாக வேலை பார்த்தது எங்கள் தெரு. என் அப்பாயி நட்டது, அம்மா நட்டது. ஒருநாள் அம்மாவை உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொன்னேன். நாற்றுப் பறி, நடவு, ரெண்டு களை, அறுப்பு, கட்டுத் தூக்கு, களத்து வேலை என்று விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்து, ஒரு ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு முப்பது கூலிநாள் என்றது. அஞ்சு ஏக்கருக்கு நூற்றைம்பது. குறுவையும் தாளடியும் சேர்ந்தால் வருசத்துக்கு முந்நூறு. இருபது வருசத்தில் ஆறாயிரம் கூலிநாள். மேட்டூர் திறக்காத வருசத்தைக் கழியுங்கள், நடவு எந்திரமும் அறுவடை எந்திரமும் வந்ததையும் கழியுங்கள். பாதியாகவே வைத்துக்கொள்வோம், மூவாயிரம் கூலிநாள். அஞ்சே ஏக்கரில், ஒரே தெருவிலிருந்து போனது இது.

இந்த மூவாயிரம் நாள் எந்த ஆபீசின் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. நட்டஈடு கேட்டு மனு கொடுக்கப் போனபோது ஒரு அதிகாரி அப்பாவைக் கேட்டார்: "சர்வே நம்பர் என்ன?" அப்பா கையை விரித்துக் காட்டினார். காய்ப்புக் காய்ச்சிப்போன கை. அதில் நம்பர் ஏது?

வேலை கிடைத்ததா என்றால் கிடைத்தது. என் பெரியப்பா மகன் ஒப்பந்தக்காரர் ஒருத்தரிடம் வாட்ச்மேனாகச் சேர்ந்தான். பன்னிரண்டு மணி நேர வேலை, சம்பளச் சீட்டு கிடையாது. நாலு வருசம் கழித்து ஒப்பந்தக்காரர் மாறினார், இவன் வெளியே வந்தான். பொதுத்துறை நிறுவனத்தில் நமக்கு 15 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு என்பதெல்லாம் நிரந்தர வேலைக்குத்தான். வேலி ஓரம் நிற்கிறவனுக்கும் குழி வெட்டுகிறவனுக்கும் இடஒதுக்கீடே தேவையில்லை, அந்த இடம் எப்போதும் நமக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டதுதான்.

*

இது ஒரு ஊரின் துரதிர்ஷ்டமில்லை, சட்டமே இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. மாணவத் தோழர்கள் இந்தச் சட்டங்களைப் படிக்கவேண்டும். கூட்டத்தில் கோஷம் போட நிறையப் பேர் இருக்கிறோம், பிரிவு எண்ணைச் சொல்லிக் கேள்வி கேட்கத்தான் ஆளில்லை.

குழாய் பதிப்பதற்கு 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்வழிச் சட்டம் இருக்கிறது. அதன்படி நிலத்தை வாங்கவேண்டியதில்லை, 'பயன்பாட்டு உரிமை'யை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். நிலம் உங்களுடையதுதான். ஆனால் குழாய்மேல் கட்டடம் கட்டக்கூடாது, கிணறு குளம் வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. இதற்கு ஈடாக நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடும், வேலையின்போது ஏற்பட்ட சேதத்துக்கு இழப்பீடும். நிலத்தில் 'அனுபவ உரிமை' உள்ளவர்களும் கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. கூலிக்கு நட்டவளுக்கு என்ன அனுபவ உரிமை? அவளுடைய அனுபவமெல்லாம் இடுப்புவலிதான்.

2013-இல் வந்த நிலம் கையகப்படுத்தல் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்பதற்கு விளக்கம் சொல்லும்போது, நிலமே இல்லாத விவசாயக் கூலிகள், குத்தகைதாரர்கள், வாரத்துக்குப் பயிர் செய்பவர்கள், கைவினைஞர்கள் எல்லோரையும் சேர்த்தது. மூன்று வருசம் அந்தப் பகுதியில் வேலை பார்த்து, அதுதான் முக்கியப் பிழைப்பு என்றால் அவர்களும் பாதிக்கப்பட்டவர்களே. நம் போராட்டங்களுக்குக் கிடைத்த ஒரு பிடிமானம் அது. ஆனால் அதே சட்டத்தின் வால்பகுதியில், நான்காம் அட்டவணையில், பதின்மூன்று சட்டங்களைத் தனியே ஒதுக்கிவைத்தார்கள். 1962-இன் குழாய்ச் சட்டம் அதில் ஒன்று. கிணறு போடுவதோ பெரும்பாலும் குத்தகையில். நிலம் கையகப்படுத்தப்படாதபோது கையகப்படுத்தல் சட்டம் எங்கே வரும்? முன்வாசலைத் திறந்துவிட்டுத் திண்ணையிலேயே தடுத்த கதைதான்.

இன்னொன்று. நிலக்கரி, இரும்பு எடுக்கிற மாவட்டங்களில் 2015-க்குப் பிறகு மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறது. கனிம உரிமைத்தொகையோடு ஒரு பங்கைச் சேர்த்து வாங்கி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்குச் செலவு செய்யவேண்டும். அது ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு விசயம், கேட்பதற்காவது ஒரு சட்டம் இருக்கிறது. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் அதுவும் கிடையாது. கனிமச் சட்டத்திலிருந்து கனிம எண்ணெய் விலக்கப்பட்டிருக்கிறது. நிலத்தில் எடுக்கிற எண்ணெய்க்கான உரிமைத்தொகை மாநில கஜானாவுக்குப் போகிறது. அங்கிருந்து எங்கள் தெருக் கைபம்பு வரைக்கும் வர வழியில்லை.

*

இப்போது எதிர்க்கேள்விக்கு வருகிறேன். நம் தோழர்களே கேட்கிற கேள்வி இது. போன வருசம் ஒரு படிப்பு வட்டத்தில் ஒரு மாணவத் தம்பி முகத்துக்கு நேரே கேட்டான்: "அண்ணே, அந்த நெலம் யாரோடது? மிராசுதாரு, மடம், கோயிலு. அந்த நெலத்துலதான நம்ம தாத்தன கட்டிவச்சி அடிச்சான், சாணிப்பால் குடிக்க வச்சான்? அது எண்ணெயில முழுகுனா நமக்கென்ன? நாம ஏன் போயி வெயில்ல ஒக்காரணும்?"

இதை எளிதில் தள்ளிவிட முடியாது. இந்த டெல்டா விவசாயம் நமக்குச் செய்தது என்ன என்பது வரலாறு. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்ற ஒன்று 1952-இல் தான் வந்தது, அதற்கு முன்னால் வரம்புக்குள் பிறந்தவன் வரம்புக்குள்ளேயே செத்தான். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கூலியை உயர்த்திக் கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் குற்றம். நாகப்பட்டினத்துக்குப் பக்கம்தான் கீழ்வெண்மணி. நாகப்பட்டினத்துக்குப் பக்கம்தான் 1980-களில் எண்ணெய் கண்டுபிடித்த நரிமணமும். ஒரே வட்டாரத்து மண். அந்த மண்ணின் 'வளம்' என்று யாராவது உருகிப் பேசினால் எனக்கு முதலில் அந்தக் குடிசைதான் நினைவுக்கு வருகிறது.

கிராமத்தைத் தொழுது நிற்பது நம் வேலை இல்லை. அண்ணல் அம்பேத்கர் கிராமத்தை எப்படிப் பார்த்தார் என்பது நமக்குத் தெரியும். ஆகவே 'விவசாயத்தைக் காப்போம்' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லும்போது, எந்த விவசாயத்தை, யார் கையில் இருக்கிற விவசாயத்தை என்று கேட்கிற உரிமை அந்தத் தம்பிக்கு உண்டு.

ஆனால் அவன் கணக்கில் ஒரு தப்பு இருக்கிறது. நிலம் எண்ணெயில் போனால் மிராசு அழிவதில்லை. அவன் குத்தகைப் பணத்தை வாங்கிக்கொண்டு திருச்சியிலோ சென்னையிலோ வீடு கட்டுகிறான். அழிவது அந்த நிலத்தின் மேல் நமக்கு இருக்கிற உரிமைக் கோரிக்கை. நாளைக்கு நிலச் சீர்திருத்தம் என்று போராடினாலும், கோயில் நிலத்தைக் கூலிக்குப் பிரித்துக்கொடு என்று கேட்டாலும், பஞ்சமி நிலத்தை மீட்கப் போனாலும், அங்கே கிராவல் மேடும் உப்புத் தண்ணியும்தான் மிச்சம் இருக்கும். 1892-இல் நமக்கென்று ஒதுக்கிய நிலத்தையே இன்னும் மீட்க முடியாமல் அலைகிறோம். குழாய் போன நிலத்தை மீட்டு என்ன செய்வது? பகையாளி வீட்டுக் கிணற்றில் விஷம் விழுந்தது என்று சந்தோசப்படுவதற்கு முன்னால், அந்தக் கிணறு நமக்கும் சேரவேண்டியது என்பதை நினைக்கவேண்டாமா?

2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் நம் மக்கள் 20 விழுக்காடு. திருவாரூர் மாவட்டத்தில் 34 விழுக்காடு, மாநிலத்திலேயே அதிகம். அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் 31-க்கும் மேல். டெல்டாவின் எண்ணெய் வரைபடத்தையும் இந்தக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிணறு போடுகிற இடத்தில் கூலி போகிற ஜனம் யார் என்பது தெரிந்துவிடும்.

எல்லாப் பழியையும் எண்ணெய்க் கிணற்றின்மேல் போடுவதும் பொய் என்பதைச் சொல்லவேண்டும். நாகை ஓரத்தில் நிலத்தடி நீர் உப்பானதற்குக் கடலும் காரணம், காவிரித் தண்ணீர் குறைந்ததும் காரணம், வரைமுறையில்லாமல் போர் போட்டு இறைத்ததும் காரணம். எண்ணெயோடு சேர்ந்து அடியாழத்திலிருந்து உப்பு நீரும் வருகிறது, அதைச் சுத்தம் செய்து திரும்ப ஆழத்தில் இறக்கவேண்டும் என்பது விதி. இறக்குகிறார்களா, எங்கே இறக்குகிறார்கள் என்று எங்கள் தெருவில் வந்து சொன்னவர் இல்லை. எங்கள் கைபம்புத் தண்ணீரைப் பரிசோதித்து முடிவைத் தெருப்பலகையில் ஒட்டியவரும் இல்லை. அறிவியல் கூடச் சேரிக்கு வரும்போது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறது.

விபத்து நடந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போகவேண்டாம். 1995 ஜனவரியில் கோதாவரி டெல்டாவில் பாசர்லபூடியில் வெடித்த கிணறு அறுபத்தைந்து நாள் எரிந்தது. அதே கோதாவரிப் பகுதியில் 2014 ஜூன் 27 அன்று நகரம் என்ற ஊரில் எரிவாயுக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2020-இல் அசாமில் பாக்ஜான் கிணறு மே மாதம் வெடித்து நவம்பர் வரை எரிந்தது. நம் பக்கத்தில் 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் கசிந்தது. ஜனம் கூடிக் கேட்டதற்குப் பதில் தடியடி. பேராசிரியர் ஜெயராமன் உள்ளிட்டோர் சிறைக்குப் போனார்கள்.

*

'நாட்டுக்கு எண்ணெய் வேண்டாமா?' இதுதான் கடைசியாக எடுக்கிற ஆயுதம். வாங்கிப் பார்ப்போம்.

2022-க்குள் எண்ணெய் இறக்குமதிச் சார்பை 10 விழுக்காடு குறைப்போம் என்று பிரதமர் மோடி 2015-இல் அறிவித்தார். அப்போது 77 விழுக்காடு. இன்று 85-ஐத் தாண்டிவிட்டது. உள்நாட்டு எண்ணெய் 2011-12-இல் சுமார் 3.8 கோடி டன், 2023-24-இல் 3 கோடிக்கும் கீழே. காவிரிப் படுகையில் நிலத்திலிருந்து கிடைப்பது வருசத்துக்குச் சில லட்சம் டன். பனங்குடியில் 1993-இல் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை வருசத்துக்கு 5 லட்சம் டன்னுக்காகக் கட்டியது. அதே இடத்தில் 90 லட்சம் டன்னுக்குப் புது ஆலை என்று 2021-இல் அடிக்கல் நாட்டினார்கள். இத்தனைக்கும் எண்ணெய் டெல்டாவிலிருந்தா வரப்போகிறது? கடல் வழியாக வெளிநாட்டிலிருந்துதான் வந்தாகவேண்டும். நம் நிலம் போவது தற்சார்புக்காக என்று சொல்வதன் லட்சணம் இது. அந்த ஆலைக்காக நிலம் எடுத்த ஊர்களில் கூலிகளும் குத்தகைதாரர்களும் மறுவாழ்வுத் தொகை கேட்டுத் தெருவில் உட்கார வேண்டியிருந்தது.

கொள்கை எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். 1990-களின் இறுதியில் புதிய ஆய்வு உரிமக் கொள்கை வந்தது. தனியாருக்கும் அன்னிய மூலதனத்துக்கும் கதவு அகலமாகத் திறந்தது. 2016-இல் 'ஹெல்ப்' என்று பெயர் சூட்டி இன்னொரு கொள்கை. ஒரே உரிமத்தில் எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எல்லாம் எடுக்கலாம். எந்த இடம் வேண்டும் என்பதைக் கம்பெனியே தேர்ந்தெடுத்துச் சொல்லலாம். விற்பதிலும் விலை வைப்பதிலும் சுதந்திரம். 2018-இல் முதல் சுற்று ஏலத்தில் விட்ட 55 வட்டாரங்களில் 41 வேதாந்தாவுக்குப் போனது. தூத்துக்குடியில் அதே குழுமத்தின் ஆலையை எதிர்த்த ஊர்வலத்தில் மே 22 அன்று சுட்டார்கள், 13 பேர் செத்தார்கள். அதே வருசம்தான் இதுவும். பொதுத்துறையில் நமக்கு மிச்சமிருந்த இடஒதுக்கீடும் இந்த வழியில் கரைகிறது. தனியார் வட்டாரத்தில் இடஒதுக்கீடு என்று கேட்டால் சிரிப்பார்கள்.

2020 ஜனவரியில் சுற்றுச்சூழல் விதியைத் திருத்தினார்கள். எண்ணெய் இருக்கிறதா என்று தேடிப்பார்க்கத் தோண்டுகிற கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பு வேண்டாம். மாநில அளவிலேயே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். 2025-இல் எண்ணெய் வயல் சட்டத்தையே திருத்தி, மீறினால் ஆறுமாதச் சிறை என்றிருந்ததை அபராதமாக மாற்றினார்கள். கட்டினால் தீர்ந்தது. ரேசன் கடையில் ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் கூடக்குறைய அளந்தால் ஜெயில், கிணற்றில் தப்பு செய்தால் அபராதம்!

மண்ணெண்ணெய் என்றதும் ஞாபகம் வருகிறது. எரிபொருள் கொள்கை என்றால் எங்கள் வீட்டுக்குள் அது ஒரு சிம்னி விளக்கும் ஒரு திரி அடுப்பும். 2016 ஜூலையிலிருந்து ரேசன் மண்ணெண்ணெய் விலையை 25 காசு 25 காசாக ஏற்றினார்கள். யாருக்கும் வலிக்காமல் ஊசி போடுவதுபோல. 2020-இல் மானியம் மொத்தமாகப் போனது. அதே 2016-இல் உஜ்வலா வந்தது, சிலிண்டர் வீட்டுக்கு வந்தது. நல்லது. கரிப்புகையில் அம்மாவின் நெஞ்சு போனது எனக்குத் தெரியும், அதனால் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ரெண்டாவது சிலிண்டர் வாங்கக் கூலி எங்கே? அந்தச் சிலிண்டர் எங்கள் வீட்டில் பாதி வருசம் மூலையில் நிற்கும், மேலே துணி போர்த்தி. எங்கள் மாவட்டத்து எரிவாயுவை எரித்துத்தான் கோவில்களப்பாலில் 107 மெகாவாட் மின்சாரம் எடுத்தார்கள். எங்கள் தெருவுக்குக் குடிசைக்கு ஒரு விளக்கு.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். எரிசக்தி என்பது நமக்குச் சம்பந்தமில்லாத, நிபுணர்கள் பேசுகிற விசயம் என்று நம் தோழர்கள் பலர் நினைக்கிறார்கள். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தவர் அண்ணல். மின்சாரமும் பாசனமும் அவர் கையில்தான் இருந்தன. 1943-லேயே, மின்சாரம் அரசின் கையில் இருக்கவேண்டுமா தனியார் கையிலா, மலிவாகவும் தாராளமாகவும் எப்படிக் கிடைக்கச் செய்வது என்கிற கேள்விகளை அவர் எழுப்பினார். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தில் அவர் பங்கு பெரியது. வறுமையின் சுழலிலிருந்து ஜனங்களை மீட்கத் தொழில் வளரவேண்டும், தொழிலுக்கு மின்சாரம் வேண்டும் என்பது அவர் பார்வை. 1947-இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் அடிப்படைத் தொழில்களும் விவசாய நிலமும் அரசுடைமை ஆகவேண்டும், நிலப்பிரபுவும் இல்லாமல் குத்தகைக்காரனும் இல்லாமல் நிலமற்ற கூலியும் இல்லாமல் சாதி பாராமல் நிலம் பிரித்துத் தரப்படவேண்டும் என்று கேட்டார். எரிசக்தியையும் நிலத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பேசியவர் அவர். நாம்தான் ரெண்டையும் பிரித்து, நிலத்தை விவசாயச் சங்கத்துக்கும் எரிசக்தியைச் சூழலியல்காரர்களுக்கும் விட்டுக்கொடுத்துவிட்டோம்.

அண்ணல் காலத்தில் பெட்ரோலை எரித்தால் வானம் சூடாகும் என்ற பேச்சு இல்லை. இன்றைக்குத் தெரியும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மாடிவீடு நின்றது, எங்கள் கூரை பறந்தது. கடல் சூடாகச் சூடாகப் புயல்கள் வலுவாகின்றன. எண்ணெயை எடுத்ததாலும் நட்டம், எரித்ததாலும் நட்டம், ரெண்டு தடவையும் ஒரே தெருவுக்கு.

*

போராட்டம் எதையும் சாதிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. 2010-இல் மன்னார்குடி வட்டாரத்துக்குப் போட்ட மீத்தேன் ஒப்பந்தம் நின்றுபோனது மக்களால்தான். அதற்காக ஊர் ஊராக நடந்த நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று அந்த வேலையிலேயே உயிரை விட்டார். 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டையில் சில வட்டாரங்களிலும் புதிதாக எண்ணெய் எரிவாயு எடுக்கத் தடை. பெரிய வெற்றி. ஆனால் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிற வேலைகளை அந்தச் சட்டம் தொடாது. திருச்சியும் அரியலூரும் கரூரும் அதற்குள் இல்லை. ராமநாதபுரமும் இல்லை. அதனால்தான் 2025-இல் அங்கே இருபது சோதனைக் கிணறுகளுக்கு மாநில ஆணையத்தின் அனுமதி சத்தமில்லாமல் வந்தது. கூச்சல் எழுந்த பிறகுதான் மாநில அரசு அதைத் திரும்பப் பெறச் சொன்னது.

அந்தச் சட்டத்தின் பேரைக் கவனியுங்கள், வேளாண் மண்டலம். மண்டலத்துக்குப் பாதுகாப்பு உண்டு. மண்டலத்துக்குள் வேலை செய்கிறவளுக்குப் பாதுகாப்பு உண்டா? கூலி உயர்ந்ததா? ஒரு செண்டு நிலம் கைமாறியதா? நாளைக்கே எல்லா எண்ணெய்க் கிணற்றையும் மூடிவிட்டாலும் அம்மா அதே வரப்பில் அதே ஆண்டைக்குத்தான் நடப்போகிறது. எண்ணெய்க் கம்பெனி போனதும் பழைய உறவு அப்படியே திரும்ப வரும் என்றால், நாம் வெயிலில் உட்கார்ந்தது அதைக் காவல் காக்கவா?

ஆகவே பந்தலை விட்டு வெளியேறுவோம் என்று நான் சொல்லவில்லை. பந்தலுக்குள் நிபந்தனையோடு போவோம் என்கிறேன். எதிர்ப்புக் குழுக்களோடு பேசப்போகிற நம் தோழர்கள் இவற்றை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்:

ஒன்று, இயங்குகிற கிணறு, குழாய் ஒவ்வொன்றுக்கும் அந்த நிலத்தில் வேலை பார்த்த கூலிக் குடும்பங்களின் பட்டியல் எடுக்கவேண்டும். குத்தகை என்றாலும் பயன்பாட்டு உரிமை என்றாலும் 2013 சட்டத்தின் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்ற விளக்கம் செல்லும்படி திருத்தம் வேண்டும். இழந்த கூலிநாளுக்கு ஈடு வேண்டும்.

ரெண்டு, எண்ணெய் உரிமைத்தொகையில் ஒரு பங்கு கனிம அறக்கட்டளைபோல அந்தந்த ஊருக்கே திரும்பவேண்டும். அதை முடிவு செய்கிற குழுவில் நிலமற்றவர்கள் பாதிக்குக் குறையாமல், அதிலும் பெண்கள் பாதி.

மூன்று, கைவிட்ட கிணற்று நிலத்தைச் சுத்தப்படுத்தி, அரசே வாங்கி, அங்கே வேலை பார்த்த குடும்பங்களுக்குப் பெண்கள் பேரில் பட்டா போடவேண்டும்.

நாலு, தண்ணீர்ப் பரிசோதனையும் கருத்துக்கேட்புக் கூட்டமும் சேரியில் நடக்கவேண்டும். ஊர் மண்டபத்தில் நடத்திவிட்டு 'அவங்களும் வந்திருந்தாங்க' என்று எழுதுவது செல்லாது.

அஞ்சு, ஹைட்ரோகார்பன் எதிர்ப்புத் தீர்மானம் போடுகிற எந்த விவசாயச் சங்கமும் அதே தீர்மானத்தில் கூலி உயர்வையும் நில விநியோகத்தையும் எழுதவேண்டும். எழுத மறுத்தால், அவர்கள் எதிர்ப்பது எண்ணெயை மட்டும்தான் என்று நாம் தெரிந்துகொள்ளலாம். தெரிந்துகொண்டு நம் கொடியோடு தனியாக நிற்கலாம்.

இதில் எது தப்பு, எது முடியாது என்று தோழர்கள் எழுதுங்கள். குறிப்பாக அந்த மாணவத் தம்பி எழுதவேண்டும். அவன் கேள்விக்கு நான் சொன்ன பதில் முழுசு என்று நினைக்கவில்லை. நிலத்தை விட்டு வெளியேறுவதே விடுதலை என்று அவன் வாதாடினால் அதையும் அச்சில் பார்க்க ஆசைப்படுகிறேன். அடுத்த படிப்பு வட்டத்துக்கு 2013 சட்டத்தின் நகலும் 1962 சட்டத்தின் நகலும் கொண்டுவருகிறேன். அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறது. கூலிநாள் கணக்கை அதுவே வாயால் சொல்லும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.